கடலில் காணாமற்போனவையும் ஒரு மூடிச் செம்மண்ணும்: சுங்கை சிப்புட் விடுமுறை வகுப்பு

சுங்கை சிப்புட் கடைத்தெருவில், மளிகைக் கடை ஒன்றின் மேல்மாடியில் இயங்கும் டியூஷன் நிலையம், பள்ளி விடுமுறையில் இடைநிலைப் பள்ளி மாணவர்களுக்காக அறிவியல் வகுப்பு நடத்துகிறது. இம்முறை அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள், கடலில் மர்மமாக மறைந்த கப்பல்களும் விமானங்களும். மாணவருக்கு 25 ரிங்கிட். உடன் அமரும் பெற்றோருக்குக் கட்டணமில்லை என்பதால், இரண்டாம் படிவத்தில் படிக்கும் மகளோடு நானும் அமர்ந்தேன். பெர்முடா முக்கோணம் என்றாலே வேற்றுக்கிரகவாசிகளைக் கூட்டி வரும் காணொளிகள் பிள்ளைகளின் கைப்பேசிகளில் மலிந்து கிடக்க, இந்த ஆசிரியர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காமல் சரக்கு, அலை, எரிபொருள், வரைபடம் என்று நேராகப் பேசத் தொடங்கினார்.

வகுப்பின் சிறந்த பகுதி நம் நாட்டிலிருந்து புறப்பட்ட கப்பலைப் பற்றியது. குவாந்தான் துறைமுகத்தில் 46,400 டன் பாக்சைட் (அலுமினியத் தாது) ஏற்றிச் சென்ற ‘பல்க் ஜூப்பிட்டர்’ 2015 ஜனவரி 2 அன்று வியட்நாமுக்கு அப்பால் மூழ்கியது. கப்பலில் இருந்த 19 பேரில் தலைமைச் சமையல்காரர் ஒருவரே பிழைத்தார். மழையில் ஊறிய சரக்கு எப்படி ஒரு பெருங்கப்பலைக் கவிழ்க்கும் என்பதை ஆசிரியர் வாயால் விளக்காமல் கையால் காட்டினார். தோட்டச் சாலையோரம் அள்ளி வந்த ஈரச் செம்மண்ணைப் பிஸ்கட் டின்னின் மூடியில் குவித்து, தண்ணீர் நிரம்பிய பேசினில் மிதக்கவிட்டார். மண் விரலால் அழுத்தினால் தடம் பதியும் அளவுக்குக் கெட்டியாகவே இருந்தது. பிறகு மூடியின் விளிம்பைக் கரண்டியால் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தார்; கப்பலின் இயந்திர அதிர்வுக்கும் அலையின் ஆட்டத்துக்கும் அது பதிலீடாம். சற்று நேரத்தில் குவியலின் மேற்பரப்பு பளபளத்தது, பிறகு மொத்தக் குவியலும் குழம்பாகி ஒரு பக்கமாகச் சரிந்தது, சாய்ந்த மூடி நிமிரவே இல்லை. “சார், தண்ணியே ஊத்தலையே, இது எங்கேருந்து வந்துச்சு?” என்று முன்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான். மண்துகள்களின் இடுக்கில் முதலிலிருந்தே இருந்த நீர்தான் அது, அதிர்வில் துகள்கள் நெருங்கும்போது வெளியேற வழியின்றி மண்ணையே மிதக்க வைக்கிறது என்று அவர் சொன்ன விடையை என் மகள் இரவு உணவின்போது வீட்டில் அப்படியே ஒப்பித்தாள்.

அங்கிருந்து 1918 மார்ச்சில் 306 பேருடன் மறைந்த அமெரிக்கக் கடற்படையின் ‘சைக்ளோப்ஸ்’ கப்பலுக்குச் சென்றார். அது மாங்கனீசுத் தாதுவின் பெருஞ்சுமையுடன், இரண்டு இயந்திரங்களில் ஒன்று பழுதான நிலையில் சென்றுகொண்டிருந்தது. அதே வார்ப்பில் கட்டப்பட்ட இரு கப்பல்கள் 1941இல் பாக்சைட்டுடன் அட்லாண்டிக்கில் மறைந்தன. சைக்ளோப்ஸின் சிதைவு இதுவரை கிடைக்காததால், சுமையே அதை மூழ்கடித்தது என்பதை முடிவாகக் கொள்ளக்கூடாது என்று ஆசிரியரே எச்சரித்தது பாராட்டுக்குரியது.

1945 டிசம்பர் 5 அன்று புளோரிடாவிலிருந்து கிளம்பிய ஐந்து அவெஞ்சர் பயிற்சி விமானங்களின் கதைக்கு, புளோரிடாவுக்குக் கிழக்கே உள்ள பகாமாஸ் தீவுகளையும் தென்மேற்கே உள்ள புளோரிடா கீஸ் தீவுகளையும் ஒரே அளவில் வரைந்த இரு கண்ணாடித் தாள்களை மேசையில் விரித்தார். பகாமாஸுக்கு மேலே இருந்த அணித்தலைவர் தாம் கீஸுக்கு மேலே இருப்பதாக நம்பிவிட்டால், வடகிழக்கே பறப்பது கரைக்குத் திரும்பும் வழியாகத்தான் தோன்றும். உண்மையில் அது ஆழ்கடலுக்கு இட்டுச் செல்லும். இருட்டு, மோசமாகிவந்த வானிலை, தீர்ந்துகொண்டிருந்த எரிபொருள் ஆகியவை மீதியைப் பார்த்துக்கொண்டன. அவற்றைத் தேடிப் புறப்பட்ட மாரினர் விமானமும் 13 பேருடன் திரும்பவில்லை. ஆனால் கடலில் தீப்பிழம்பு எழுந்ததை ஒரு கப்பலில் இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள், எரிபொருள் ஆவி கசிவதற்கு அவ்வகை விமானம் பேர்போனது. திகில் காணொளிகள் இந்தத் தீப்பிழம்பை எவ்வளவு வசதியாக விட்டுவிடுகின்றன!

நடுக்கடலில் திடீரென எழும் பேரலைகள் பற்றிய பகுதியும் தரமானது. மாலுமிகளின் கட்டுக்கதை என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்ட இவற்றில் ஒன்று, 1995 ஜனவரி 1 அன்று வடகடலின் டிராப்னர் எரிவாயு மேடையில் இருந்த கருவியில் ஏறக்குறைய 26 மீட்டர் உயரமாகப் பதிவானது. அப்போது சுற்றியிருந்த பெரிய அலைகளின் சராசரியே 12 மீட்டர்தான். 1978இல் மறைந்த ஜெர்மானியச் சரக்குக் கப்பல் ‘மூன்ஷன்’ விட்டுச்சென்ற உயிர்காப்புப் படகு, நீர்மட்டத்துக்கு 20 மீட்டர் மேலே கட்டப்பட்டிருந்தது. அதன் பிணைப்பு ஊசிகள் முன்னிருந்து பின்னாக வளைந்திருந்தன; அவ்வளவு உயரத்தில் ஒரு பேரலை மோதியிருக்க வேண்டும்.

குறை சொல்ல வேண்டியது, கடலடியிலிருந்து எழும் மீத்தேன் வாயுக் குமிழி பற்றிய காணொளியை. குமிழிகள் நீரின் அடர்த்தியைக் குறைத்து மிதக்கும் பொருளை மூழ்கடிக்கும் என்பது ஆய்வகத்தில் மெய்தான். ஆனால் பெர்முடா முக்கோணக் கடற்பகுதியில் கடந்த 15,000 ஆண்டுகளில் பெரிய வாயு வெளியேற்றம் எதுவும் நிகழ்ந்ததாகத் தெரியவில்லை என்று அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் கூறியிருப்பதை ஆசிரியர் கடைசியில் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். பிள்ளைகளின் மனத்தில் நின்றது குமிழிதான். அந்த நேரத்தை, நடுக்கடலில் ஆளின்றி மிதந்த ‘மேரி செலஸ்ட்’ கப்பலுக்குக் கொடுத்திருக்கலாம். அது பெயரளவில் மட்டுமே வந்து போனது.

2014இல் மறைந்த மலேசிய விமானம் எம்எச்370 பற்றி யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன், கேட்டார்கள். ஆசிரியர் ஊகம் எதையும் சொல்லவில்லை. 2018ஆம் ஆண்டின் அதிகாரபூர்வ அறிக்கை காரணத்தை உறுதிசெய்ய இயலவில்லை என்று கூறியதை மட்டும் சொல்லிவிட்டு, ரீயூனியன் தீவில் 2015 ஜூலையில் இறக்கைப் பகுதி ஒன்று கரையொதுங்கியதைக் கொண்டு இந்தியப் பெருங்கடலின் நீரோட்டத்தை விளக்கினார். 2009இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானம் எங்கே விழுந்திருக்கும் என்று ஓரளவு தெரிந்தும், சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் அதன் உடற்பகுதியைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆனதை ஒப்பிட்டுக் காட்டியபோது அறையில் இருந்த பெற்றோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டாம். செம்மண் சோதனை தவிர மற்றவை அவர்களுக்கு எட்டாது. பின்வரிசையில் மின்விசிறிச் சத்தத்தில் பாதிப் பேச்சு கேட்கவில்லை, ஆகவே முன்கூட்டியே சென்று முன்னால் இடம் பிடிப்பது நல்லது. கையில் தரும் குறிப்புத்தாளில் வரைபடங்கள் கறுப்புத் திட்டுகளாகவே நகலெடுக்கப்பட்டிருந்தன. அலுவலக மேசையில் கேட்டால் தெளிவான படத்தைப் புலனத்தில் அனுப்புகிறார்கள்.