ஆல்டரா, சீகையா, கல்யாண முருங்கையா?

சிக்கிமில் பெரிய ஏலக்காய்க்கு நிழல் தருவதும், நாகாலாந்தின் கொனோமாவில் மொட்டையடித்து மொட்டையடித்து வளர்ப்பதும் ஒரே மரம்தான்: இமயமலை ஆல்டர். 'அதைக் கொடைக்கானல் பக்கம் வைத்தால் என்ன?' என்று கேட்பவர்கள், ஏற்கெனவே இங்கே இருக்கும் சீகை (வாட்டில்), கல்யாண முருங்கை இரண்டோடும் அதை நிறுத்திப் பார்க்கட்டும்.

மூன்றுமே வேர்முண்டில் பாக்டீரியாவைக் குடிவைத்துக் காற்றிலிருந்து தழைச்சத்து (நைட்ரஜன்) எடுப்பவை. சீகையிலும் கல்யாண முருங்கையிலும் இருப்பது ரைசோபியம் வகை, ஆல்டரில் ஃபிராங்கியா. தழைச்சத்தைப் பிடிக்கும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. கல்யாண முருங்கையின் முண்டை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். ஆக்சிஜனை அளந்துவிடும் லெக்ஹீமோகுளோபினின் நிறம் அது. ஃபிராங்கியா இழையாக வளர்ந்து, நுனியில் குமிழ்விட்டு, ஆக்சிஜன் நுழையாதபடி அதைக் கொழுப்புப் படலத்தால் பல அடுக்காகப் போர்த்திக்கொள்ளும். ஆல்டர் முண்டு இஞ்சிக் கொத்து மாதிரி கிளைத்து, கட்டையாகி, வருடக்கணக்கில் நிற்கும். இலை உதிரும்போதும் ஆல்டர் தழைச்சத்தைப் பெரிதாக உள்ளே இழுத்துக்கொள்வதில்லை; இலையோடு மண்ணுக்கே போகிறது.

சத்துக் கணக்கில் ஆல்டருக்கே என் ஓட்டு. குளிரும் புளிப்பு மண்ணும் அதற்குப் பழக்கம். ஆனால் துணைக்கு ஃபிராங்கியா வேண்டுமே! பயறுக்கு ரைசோபியம் பாக்கெட் வாங்கி, கஞ்சியில் கலந்து விதைநேர்த்தி செய்வது போல இது சுலபமில்லை. சவுக்கிலும் ஃபிராங்கியாதான், ஆனால் அது வேறு ரகம். சவுக்குத் தோப்பு மண்ணை அள்ளிப் போட்டால் ஆல்டருக்குப் பிடிக்காது.

சீகையைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் வளர்த்த மரம், நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளியை விழுங்கிவிட்டது. வெட்டினாலும் மண்ணில் கிடக்கும் விதை பல வருடம் கழித்தும் முளைக்கும். தழைச்சத்து தருகிறதே என்று அதற்கு வக்காலத்து வாங்குவது வேடிக்கை. மலைப்புல் மெலிந்த மண்ணுக்கே பழகியது. ஆல்டரையும் இதே சந்தேகத்தோடு பாருங்கள். விதை காற்றில் பறக்கும், சரிந்த மண்ணில் சட்டென்று குடியேறும். ஹவாயில் அது ஏற்கெனவே தொல்லை.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு காபித் தோட்டங்களுக்குக் கல்யாண முருங்கையே போதும். போத்து ஊன்றினால் வேர்பிடிக்கும், மிளகுக்கொடி ஏறும், கவாத்து செய்த தழை மூடாக்காகும். தளிரை வீங்கவைக்கும் சின்னக் குளவிதான் ஒரே தலைவலி. உறைபனி விழும் உயரத்துக்கு மட்டும் இது சரிவராது.

பூம்பாறை மாதிரி பூண்டு போடும் மேல்மலைக்கு? நடுவே ஒரு போகம் பட்டாணி. பீன்ஸ் தழைச்சத்து பிடிப்பதில் கொஞ்சம் சோம்பேறி. வேலியோரத்துக்கு எலியாக்னஸ் என்ற புதர்ச்செடி இருக்கிறது. ஃபிராங்கியாவோடு கூட்டு வைக்கும் குடும்பம், நம் சோலையோரத்திலேயே கொடிபோல் படர்கிறது, பழமும் தின்னலாம். நாற்றங்காலில் ஆல்டரை விட்டுவிட்டு அந்தக் கன்றைக் கேளுங்கள்.