எண்ணுகிற வேலையை எடுத்துக்கொள்ளும் ஒரு மூச்சுச் செயலி

மூச்சுப் பயிற்சி என்று தேடினால் செல்போனில் வரிசையாக வந்து நிற்கும் செயலிகளில் ஆகச் சாதாரணமான ஒன்றைத்தான் நான் வைத்திருக்கிறேன். திறந்தால் ஒரு வட்டம். அது விரியும்போது மூச்சை இழுக்க வேண்டும், சுருங்கும்போது விட வேண்டும். வட்டத்தோடு சேர்ந்து போனும் அதிரும்: இழுக்கிற நேரம் முழுக்க மெல்லிய அதிர்வு, விடுகிற நேரத்தில் ஒன்றுமில்லை. இழுக்க எத்தனை விநாடி, விட எத்தனை விநாடி என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். பின்னணி இசை, கடலலை, உற்சாகப் பேச்சு எதுவும் கிடையாது. நெட் இல்லாமலும் ஓடும்.

குடியை நிறுத்தி மீண்டு வருகிற ஒருவனாகத்தான் இதைப் பற்றிச் சொல்கிறேன். மன அமைதி, நல்ல தூக்கம் என்று தேடுகிறவர்களுக்கு வேறு செயலிகள் பிடிக்கலாம். எனக்கு ஆபத்தான நேரம் வேலை முடிந்து பையை மூடுகிற நேரம். வாய் உலரும், தோள்பட்டை இறுகும், மூச்சு மேல் நெஞ்சோடு நின்றுவிடும். கூடவே மனசு கணக்குப் போட ஆரம்பிக்கும்: இன்றைக்கு மட்டும், கொஞ்சம் மட்டும், யாருக்கும் தெரியாமல். அந்த நிலையில் “ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே மூச்சு விடுங்கள்” என்ற அறிவுரை உதவுவதில்லை. மூன்று வருவதற்குள் நினைப்பு போக வேண்டாத இடத்துக்குப் போய்விடும். இந்தச் செயலியின் மொத்த மதிப்பும் இங்கேதான் இருக்கிறது. எண்ணுகிற வேலையை அது எடுத்துக்கொள்கிறது. நான் அதிர்வைப் பின்தொடர்ந்தால் போதும்.

அதிர்வை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குடிக்க வேண்டும் என்ற தவிப்பு வரும்போது திரையைப் பார்ப்பதே ஆபத்து. பழைய கூட்டாளியின் குறுஞ்செய்தி மேலே வந்து நிற்கும். கையும் தன்னாலே அங்கே போகும். போனைச் சட்டைப் பையில் போட்டு, மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டால் திரையே வேண்டாம். படிக்கட்டில் நிற்கலாம், பேருந்தில் உட்கார்ந்திருக்கலாம், எதிரில் ஆட்கள் இருந்தாலும் யாருக்கும் தெரியாது. அதிர்வு இல்லாத செயலியை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்த வேலைக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வேகம் எவ்வளவு வைப்பது? சும்மா இருக்கும்போது பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். அதை ஏறக்குறைய 6-க்குக் கொண்டுவர வேண்டும், அதாவது ஒரு மூச்சுக்கு 10 விநாடி. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது மெதுவாகும். இது எல்லோர் உடம்பிலும் நடப்பது. இரத்த அழுத்தத்தைச் சரிசெய்யும் அனிச்சைச் செயலுக்கும் ஏறக்குறைய 10 விநாடித் தாளம் ஒன்று இருக்கிறது. மூச்சு அந்தத் தாளத்தில் விழும்போது இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிட, துடிப்பின் ஏற்ற இறக்கம் நன்றாக விரிகிறது. பால் லேரர், எவ்கெனி வாஷில்லோ என்ற ஆய்வாளர்கள் இதை வைத்துத்தான் பயிற்சி முறையை உருவாக்கினார்கள். சரியான வேகம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், பெரும்பாலும் நிமிடத்துக்கு 4.5-க்கும் 6.5-க்கும் இடையில் அமையும். அதனால்தான் வேகத்தை மாற்றவே விடாத செயலிகள் எனக்குப் பிடிக்கவில்லை. நான் 4 விநாடி இழுத்து 6 விநாடி விடுகிறேன். நடுவில் மூச்சைப் பிடித்து வைப்பதில்லை. 4-4-4-4 என்று, 4 விநாடி இழுத்து, 4 பிடித்து, 4 விட்டு, 4 நிறுத்தும் முறை சிலருக்கு ஒத்துவரும். எனக்கு அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்தால் பதற்றம்தான் கூடுகிறது.

போதை விஷயத்தில் இது உதவுமா என்று தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். டேவிட் எடி குழுவினர் 2014-இல், சிகிச்சை மையத்தில் தங்கியிருந்த இளைஞர்களிடம் சிறிய அளவில் செய்து பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடத் தவிப்பு கூடுதலாகக் குறையும் போக்கு தெரிந்தது. அடித்துச் சொல்லும் அளவுக்கு அது பெரிய ஆய்வு இல்லை. 2025-இல் வெளியான அவர்களுடைய அடுத்த ஆய்வில் 115 பேர், 8 வாரம், உடலில் அணியும் கருவியோடு. அதில் பயிற்சி பெற்றவர்களிடம் தவிப்பும் குறைந்தது, போதை எடுத்த நாட்களும் குறைந்தன. கருவி, இதயத் துடிப்பு அளவீடு எல்லாம் சேர்ந்த பயிற்சி அது. என் போனில் உள்ள வட்டத்துக்கு அதே பலன் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் மெதுவான மூச்சு என்கிற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே.

புதிதாகத் தொடங்குகிற பலரும் ஒரு இடத்தில் தடுமாறுகிறார்கள். குடியிலிருந்து மீள்கிறவர்கள் கூடும் எங்கள் கூட்டத்துக்கு வந்த ஒரு தம்பிக்கு இதைக் காட்டினேன். அதிர்வு தொடங்கியதும் தோள் இரண்டும் காது வரை ஏறும்படி இழுத்தான், புஸ்ஸென்று விட்டான். சில மூச்சிலேயே, “அண்ணே, தலை சுத்துது, விரலெல்லாம் மரமரங்குது” என்றான். அளவுக்கு மேல் காற்றை வெளியேற்றினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து இப்படித்தான் ஆகும். “ஆழமா வேண்டாம்பா, மெதுவா மட்டும் போதும். வழக்கமா எவ்வளவு இழுப்பியோ அவ்வளவே இழு” என்றேன். ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். உதட்டைச் சற்றுக் குவித்து, சுடுகிற டம்ளரை ஊதுவது போல விட்டதும் தோள் தானாக இறங்கியது. செயலி இதைச் சொல்லித் தருவதில்லை. முதல் திரையிலேயே “ஆழமாக அல்ல, மெதுவாக” என்று ஒரு வரி போட்டிருக்கலாம். இது பெரிய குறை.

இன்னொன்று, தவிப்பு வந்த பிறகுதான் முதன்முதலாகத் திறப்பேன் என்றால் பலன் குறைவு. காலையில் ஒன்றுமே இல்லாத நேரத்தில் பழகியிருக்க வேண்டும். உடம்புக்கு அந்த வேகம் பழகிவிட்டால் மாலையில் இரண்டாவது மூச்சிலேயே அது பிடித்துக்கொள்கிறது. நான் பையை மூடுவதற்கு முன்பே ஓடவிட்டுவிடுகிறேன், தவிப்பு எழுந்தாலும் எழாவிட்டாலும். நேரம் கடத்துவதிலும் பயன் உண்டு. தவிப்பு அலைபோல ஏறி, உச்சிக்குப் போய், இறங்கக்கூடியது என்பதை மீட்சிப் பணியில் உளவியலாளர் ஆலன் மார்லட் அழுத்திச் சொன்னார். பலருக்கும் அரை மணி நேரத்துக்குள் உச்சம் தாண்டிவிடுகிறது. தவிப்பு மறைந்தால்தான் வெற்றி என்றில்லை. அது இருக்கும்போதே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் எனக்குப் போதும்.

சிகரெட்டை விடுகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும் என்று நினைக்கிறேன். நிதானமாக இழுத்து மெதுவாக விடுவது அவர்களுக்கு ஏற்கெனவே பழகிய அசைவு. புகை இல்லாமல் அதையே செய்கிறார்கள்.

நான் தூக்கிப்போட்ட இன்னொரு செயலியைப் பற்றியும் சொல்ல வேண்டும், பெயர் வேண்டாம். தொடர்ந்து எத்தனை நாள் என்று பெரிய எழுத்தில் காட்டும். ஒரு நாள் தவறினால் சுழியம். மீட்சியில் இருப்பவர் கண்ணில் அந்தச் சுழியத்தைக் காட்டுவது எவ்வளவு கொடுமை என்று அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு தடவை சறுக்கியவர் “எல்லாம் போச்சு, இனி என்ன” என்று முழுதாக விழுவதைப் பற்றி மார்லட்டே 1985-இல் விரிவாக எழுதியிருக்கிறார். அப்புறம், கேமராவில் விரலை வைக்கச் சொல்லி, நாடித் துடிப்பைப் பார்த்து மதிப்பெண் கொடுக்கும். கை நடுங்குகிற நேரத்தில் 31 என்று திரையில் வந்தால் என்ன செய்வது? பாதி மூச்சில் பணம் கட்டச் சொல்லும் பெட்டி வேறு. எந்தப் போதை, கடைசியாக எப்போது என்றெல்லாம் கேட்டு வாங்கிக்கொள்ளும். அந்தத் தகவலை ஒரு செயலிக்குக் கொடுக்க எந்த அவசியமும் இல்லை.

இதை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களில் குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, கடும் நடுக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அது மூச்சுப் பயிற்சியால் சமாளிக்கிற விஷயம் இல்லை, மருத்துவமனைக்குப் போக வேண்டியது. குடிக்குக் கொடுக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட், ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதைக்குக் கொடுக்கும் புப்ரெனார்பின், மெத்தடோன் போன்ற மருந்துகளை, செயலி இருக்கிறதே என்று நிறுத்திவிடாதீர்கள். நுரையீரல் நோய் இருப்பவர்கள், மூச்சைக் கவனித்தாலே பதற்றம் வருகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. அந்தப் பதற்றம் வந்தால் நிறுத்திவிட்டு வேறு வழியைப் பார்க்கலாம். இது எல்லோருக்கும் ஒத்துவர வேண்டும் என்ற கட்டாயமில்லை.

யாருக்குச் சிபாரிசு செய்வேன் என்றால், சிகிச்சையில் இருந்துகொண்டு, தவிப்பு எந்த நேரத்தில் வரும் என்று ஓரளவு தெரிந்து வைத்திருப்பவர்களுக்கு. போட்டதும் அமைப்புகளுக்குள் போய் ஒலியை அணைத்துவிடுங்கள், அதிர்வை உச்சத்தில் வையுங்கள், இழுப்பை 4, விடுவதை 6 என்று மாற்றுங்கள். தினசரி நினைவூட்டலை உங்கள் கஷ்டமான நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்பாக வையுங்கள். கடிகாரத்தில் போட்டுக்கொள்ளும் வடிவமும் இருக்கிறது, ஆனால் அதில் அதிர்வு மிகவும் மெலிது. நடந்துகொண்டிருக்கும்போது தெரியவே தெரியாது, அதனால் நான் போனோடு நிறுத்திக்கொண்டேன்.