கிறிஸ்தவமும் கம்யூனிசமும்: பிரிவது சொத்தில் அல்ல, எதிரியில்

"இயேசுதான் முதல் கம்யூனிஸ்ட்" என்பார் ஒருவர். "கடவுளே இல்லை என்பவர்களோடு நமக்கென்ன பேச்சு" என்பார் இன்னொருவர். சபைக்குள்ளேயே இரண்டு பேச்சும் உண்டு. எனக்கு இரண்டுமே அவசரத் தீர்ப்பாகத்தான் படுகின்றன. இரு தரப்பும் எழுதியதையும் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒட்டும் இடம் வேறு, முறியும் இடம் வேறு.

முதலில் சொத்து. அப்போஸ்தலர் நடபடிகள் 4-ஆம் அதிகாரம் எருசலேம் சபையைப் பற்றிச் சொல்கிறது: "ஒருவனாகிலும் தனக்குள்ளவைகளில் ஒன்றையும் தன்னுடையதென்று சொல்லவில்லை, சகலமும் அவர்களுக்குப் பொதுவாயிருந்தது." நிலமும் வீடும் வைத்திருந்தவர்கள் விற்றுக் கொண்டுவந்தார்கள், அவரவர் தேவைக்குத் தக்கபடி பகிர்ந்தார்கள். 11-ஆம் அதிகாரத்தில் பஞ்சம் வருகிறது. அந்தியோகியா சீஷர்கள் அவரவர் "திராணிக்குத்தக்கதாக" யூதேயாவுக்குப் பணம் அனுப்புகிறார்கள். திறனுக்கேற்பக் கொடுப்பது, தேவைக்கேற்பப் பெறுவது: 1875-இல் மார்க்ஸ் கம்யூனிச சமுதாயத்துக்கு வைத்த இலக்கணத்தின் இரண்டு பாதிகளும் இங்கே இருக்கின்றன.

இதற்கு வழக்கமான பதில் ஒன்று உண்டு. எருசலேமில் நடந்தது மனமுவந்த கொடை, கம்யூனிசத்தில் நடப்பது பறிமுதல். நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவைத்த அனனியாவிடம் பேதுருவே, விற்பதற்கு முன் அந்த நிலம் உன்னுடையதாகத்தானே இருந்தது என்று கேட்கிறார். சரி, நியாயமான பதில்தான். ஆனால் வசதி உள்ளவர்கள் இதை ஒரு கேடயமாகவே பிடித்துக்கொள்கிறார்கள். யாக்கோபு நிருபம் பேசுவது தர்மத்தைப் பற்றி அல்ல, வயலை அறுத்தவனுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியைப் பற்றி. லேவியராகமம் 25 இன்னும் கடுமை: நிலம் கடவுளுடையது, அறுதியாய் விற்கக் கூடாது, 50-ஆம் ஆண்டில் பழைய உடைமைக்காரருக்கே திரும்ப வேண்டும். அது சட்டம், மனமிருந்தால் செய்யலாம் என்று விட்ட காரியம் அல்ல. ஆகவே சட்டம் போட்டுச் சொத்தைத் திருப்பிக் கொடுப்பதே வேதத்துக்கு விரோதம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அப்படியானால் எங்கே முறிகிறது? நாத்திகத்தில் என்று பலரும் சொல்வார்கள். 1937-இல் போப்பாண்டவர் பதினோராம் பயஸ் விடுத்த சுற்றுமடல் கம்யூனிசத்தைக் கடவுள் மறுப்புக் கொள்கை என்றே கண்டித்தது. பெரு நாட்டுக் குருவானவர் குஸ்தாவோ குட்டியெரெஸ் போன்றவர்கள் வேறு வழி பார்த்தார்கள். ஏழை ஏன் ஏழையாகவே இருக்கிறான் என்று புரிந்துகொள்ள வர்க்க ஆய்வு உதவும், அதற்காக விசுவாசத்தை விட வேண்டியதில்லை என்பது, ஏழைகளின் விடுதலையை மையமாக வைத்த விடுதலை இறையியலாளர் பலரின் நிலை. மார்க்சிய ஆய்வையும் அதன் நாத்திகத்தையும் அப்படிப் பிரித்தெடுக்க முடியாது என்று 1984-இல் வத்திக்கான் எச்சரித்தது. எனக்குக் குட்டியெரெஸ் பக்கமே நியாயம் அதிகம். கூலி ஏன் குறைகிறது என்று கணக்குப் பார்ப்பதற்கு நாத்திகம் தேவையில்லை.

உண்மையான முறிவு எங்கே என்பதை 1922-இல் கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்த ரஷ்யாவின் பெட்ரோகிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) பார்க்கலாம். வோல்கா பகுதியில் பஞ்சம்; லட்சக்கணக்கானவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். தேவாலயங்களின் பொன் வெள்ளிப் பொருட்களை அரசு பறிமுதல் செய்ய ஆணையிட்டது. பெட்ரோகிராட் பேராயர் வெனியமின் கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. பசித்தவர்களுக்காகச் சபையே மனமுவந்து கொடுக்கட்டும், அதற்கு வழிவிடுங்கள் என்றுதான் கேட்டார். உள்ளூர் அதிகாரிகளோடு பேசி ஓர் உடன்பாட்டுக்குக்கூட வந்தார். அது எடுபடவில்லை. வழக்குப் போட்டு, ஆகஸ்டில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு மார்ச் 19 அன்று லெனின் எழுதிய ரகசியக் கடிதம் பிற்காலத்தில் வெளிவந்தது. மக்கள் மனித மாமிசம் தின்னும் இந்த நேரத்தில்தான் பறிமுதலை இரக்கமின்றி நடத்த முடியும், இதை வைத்து எத்தனை அதிகமான பிற்போக்குக் குருமாரைச் சுட முடிகிறதோ அத்தனை நல்லது என்கிறது அது.

அந்தக் கடிதம் இருக்கும்போது, எல்லாம் பசித்தவனுக்குச் சோறு போடத்தான் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பொன்னைத் தருகிறேன் என்று வந்தவரையும் கொல்ல வேண்டியிருந்தது. ஏனென்றால் கட்சியின் கணக்கில் அவர் வர்க்க எதிரி. மார்க்ஸுக்கும் நியாயம் செய்ய வேண்டும். தனி முதலாளியைத் தான் பொறுப்பாளியாக்கவில்லை, அவரை ஒரு பொருளாதார உறவின் உருவமாகவே பார்க்கிறேன் என்று 1867-இலேயே எழுதியவர் அவர். ஆனால் அதிகாரத்துக்கு வந்த கட்சிகள் பிறப்பையே குற்றமாக்கின. குலாக்குகளை, அதாவது வசதியான விவசாயிகளை, ஒரு வர்க்கமாகவே ஒழிப்போம் என்று 1929 டிசம்பரில் ஸ்டாலின் அறிவித்தபின், குலாக் வீட்டுக் குழந்தையும் தொலைதூரப் பகுதிகளுக்குக் கடத்தும் ரயிலில்தான் போனது.

இதற்குப் பக்கத்தில் லூக்கா சுவிசேஷத்தில் வரும் சகேயுவை வையுங்கள். ரோமாபுரிக்கு வரி வசூலித்து ஊரைச் சுரண்டிப் பணக்காரனானவன். வர்க்க எதிரி என்றால் அவனுக்குத்தான் அசலாகப் பொருந்தும். இயேசு அவன் வீட்டுக்கே போகிறார். பாதிச் சொத்து ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நாலத்தனையாகத் திரும்ப. சொத்தும் கைமாறுகிறது, ஆளும் பிழைக்கிறான். பணக்காரனை மன்னித்துவிட்டுப் பணத்தை அவனிடமே விட்டுவிட்ட கதை அல்ல இது. அதைத்தான் சபைகள் மறந்துவிட்டன.

சபையின் எதிர்ப்பு எல்லாமே கொள்கை எதிர்ப்பும் அல்ல. கேரளத்தில் 1957-இல் வந்த இ.எம்.எஸ். நம்பூதிரிப்பாட்டின் கம்யூனிஸ்ட் அரசின் கல்வி மசோதா, தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசே நேரடியாகச் சம்பளம் கொடுக்கவும், நியமனம் அரசுப் பட்டியலிலிருந்து நடக்கவும் வழி செய்தது. கொண்டுவந்த அமைச்சர் ஜோசப் முண்டசேரி கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுபான்மையினர் உரிமையைச் சில பிரிவுகள் மீறுவதாக உச்ச நீதிமன்றமே 1958-இல் கருத்துச் சொன்னது. அந்தக் கவலை நியாயம். ஆனால் கத்தோலிக்கத் திருச்சபையும் நாயர் சமூக அமைப்பான நாயர் சர்வீஸ் சொசைட்டியும் சேர்ந்து தெருவில் இறங்கி அந்த அரசுக்கு எதிராக நடத்திய விமோசன சமரத்தில் (விடுதலைப் போராட்டத்தில்) அந்தக் கவலையோடு பள்ளி நிர்வாகங்களின் பிடியும் நிலவுடைமையும் கலந்திருந்தன. 1959 ஜூலை 31-இல் அரசு கலைக்கப்பட்டது.

பத்தாண்டு கழித்துக் கம்யூனிஸ்டுகள் தலைமையிலான அரசுகளே நிலச் சீர்திருத்தத்தை முழுதாகக் கொண்டுவந்து அமலாக்கின. 1970 ஜனவரி 1 முதல், அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரர், பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை சலுகை விலையில் வாங்கிச் சொந்தமாக்கிக்கொள்ள உரிமை கிடைத்தது. லேவியராகமத்தைத் தலைமுறை தலைமுறையாக வாசித்துவந்த நில உடைமைக் கிறிஸ்தவக் குடும்பங்கள் தாமாக முன்வந்து செய்திருக்க வேண்டிய வேலை அது. அந்தச் சட்டத்துக்கு ஒரு கிறிஸ்தவர் ஜெபித்துவிட்டே கை தூக்கலாம். பெட்ரோகிராட் தீர்ப்புக்கு, எத்தனை பஞ்சம் வந்தாலும், முடியாது.