ஆன்லைன் சிபிடி பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் கவனிக்க

மனப்பதற்றத்துக்கு ஆப் வழியாக சிபிடி தெரபி (எண்ணங்களையும் நடத்தையையும் அலசி மாற்றும் பேச்சு சிகிச்சை) எடுக்கலாம் என்று யோசிப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். என் தம்பிக்கு நடந்தது இது. அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

கோவையில் ஐடி வேலை. ரொம்ப நாளாகப் படபடப்பு, தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகக் கூச்சப்பட்டு ஒரு ஆப்பில் 12 செஷன் பேக்கேஜ் எடுத்தான். ஏறக்குறைய 15,000 ரூபாய், மொத்தத்தையும் முதலிலேயே கட்டச் சொன்னார்கள்.

சேர்ந்ததும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாள் வந்திருக்கிறது. டாக்டர்கள் மனச்சோர்வை அளக்கப் பயன்படுத்தும் ஒன்பது கேள்விகள் அவை. செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றுகிறதா என்பது ஒன்பதாவது கேள்வி. தம்பி ‘பாதி நாட்களுக்கு மேல்’ என்று டிக் செய்திருக்கிறான். மொத்த மதிப்பெண் 27க்கு 17. இந்தப் பதிலைப் பார்த்தால் உடனே ஒரு மனிதர் போன் செய்து பேசியிருக்க வேண்டும். யாரும் பேசவில்லை. ஸ்கோருக்குக் கீழே ‘பிரீமியம் பிளானுக்கு 20% தள்ளுபடி’ என்று கூப்பன் காட்டியிருக்கிறது. அந்த ஸ்கிரீன்ஷாட்டைத் திறந்தால் இப்போதும் எனக்குக் கை பதறுகிறது.

செஷனும் அப்படித்தான். 50 நிமிஷம் என்றார்கள், பாதியிலேயே முடித்தார்கள். ஆள் மாறிக்கொண்டே இருந்தார், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். “பாசிட்டிவா திங்க் பண்ணுங்க ப்ரோ” என்பதுதான் எல்லாரும் சொன்ன வைத்தியம்.

சிபிடி அதுவல்ல. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய முறை. மீட்டிங்கில் வாய் திறந்தால் குரல் நடுங்கும், எல்லாரும் சிரிப்பார்கள் என்று தோன்றுகிறதா? அந்த எண்ணத்தை எழுதவைப்பார்கள். எவ்வளவு நம்புகிறாய், அதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம் என்று கூடவே உட்கார்ந்து அலசுவார்கள். பிறகு, பயந்து ஒதுக்கிய காரியத்தைச் சின்னச் சின்னதாகச் செய்துபார்க்க வீட்டுப்பாடம் தருவார்கள். அடுத்த வாரம் அதிலிருந்துதான் பேச்சே தொடங்கும். இவர்கள் தம்பியை ஒரு வரிகூட எழுதச் சொல்லவில்லை.

தெரபிஸ்ட்களின் ஆர்சிஐ பதிவு எண்ணைக் கேட்டேன். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (அதுதான் ஆர்சிஐ) பதிவு செய்திருக்க வேண்டும், அந்தப் பதிவேட்டை ஆன்லைனிலேயே தேடிப் பார்க்கலாம். “மேம், எல்லாரும் இன்டர்நேஷனல் சர்டிஃபைட். நம்பர் எல்லாம் ஷேர் பண்ண பாலிசி இல்லை” என்றார்கள். நானே தேடினேன், ஒருவர் பெயரும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதோடு சாட்டில் பதில் நின்றுவிட்டது.

கேள்வித்தாளில் தம்பி கொடுத்த பதில்கள் இப்போது யார் கையில் இருக்கின்றன என்பதும் எனக்குப் பெரிய கவலை. வாடிக்கையாளர்களின் தகவலை ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்ததாக அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி வைத்த குற்றச்சாட்டில், பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் தெரபி நிறுவனம் 2023இல் 78 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே அந்த நிலை.

ஆன்லைன் தெரபியே மோசம் என்று சொல்லவில்லை. தம்பி இப்போதும் வீடியோவில்தான் சிபிடி எடுக்கிறான், பதிவு பெற்ற ஒருவரிடம். வழிகாட்டியது டெலி மானஸ், 14416. அரசின் மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அங்கே போனை எடுத்த பெண் முதலில் கேட்டது, “இப்ப பக்கத்துல யாராவது இருக்காங்களாப்பா?” என்று. அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னதும் அவர்தான்.

பணத்துக்காக தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறோம், இன்னும் முடிவு வரவில்லை. இதே மாதிரி மாட்டியிருந்தால் ரசீது, சாட், ஸ்கோர் பக்கம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே ஆப்பை நீக்குங்கள். நீக்கும் முன் உங்கள் தகவலை அழிக்கச் சொல்லி மெயிலும் போட்டுவிடுங்கள்.