சாலையில் ஸ்னாப்பிங் ஆமை: ரப்பர் மேட், சவள், கையுறை, எதை நம்பலாம்?

மே கடைசியிலிருந்து ஜூலை தொடக்கம் வரை கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், வெடுக்கெனக் கடிக்கும் ஸ்னாப்பிங் ஆமைகள் முட்டையிடக் கரையேறும். சரளைக்கல் போட்ட சாலையோரம் குழி தோண்ட வசதியாக இருப்பதால் நேராக அங்கேதான் வரும், கார்களுக்கும் இரையாகும். இங்கே இவை முட்டையிடும் பருவத்தை அடையவே 15 முதல் 20 ஆண்டு பிடிக்கும். ஒரு தாய் ஆமை செத்தால் அந்த இடம் லேசில் நிரம்பாது. 2017 வரை இவற்றை வேட்டையாடவும் அனுமதி இருந்தது என்பது கொடுமை. கோடையில் மஸ்கோகா, கவர்த்தா ஏரிப் பகுதிகள் பக்கம் போகிறவர்கள், சாலையில் நிற்கும் ஆமையைப் பத்திரமாகக் கடத்திவிடக் காரில் எதை வைத்திருக்கலாம் என்று பார்ப்போம்.

முதலில் ஆமையின் உடலமைப்பு. வயிற்றுப்பக்க ஓடு சிறியது, சிலுவை வடிவம். மற்ற ஆமைகளைப் போல் உடம்பை ஓட்டுக்குள் ஒளித்துக்கொள்ள முடியாது. அதனால்தான் தரையில் கடிக்க வருகிறது. தண்ணீரில் பெரும்பாலும் விலகிப் போய்விடும். கழுத்து பின்பக்கமாக முதுகோட்டின் பாதிவரை எட்டும், பக்கவாட்டிலும் எட்டும். ஓட்டின் பின்புறம் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே நாம் தொடக்கூடிய இடம். எந்தப் பொருளையும் இதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

எங்கள் முதல் தேர்வு, காரில் கால் வைக்குமிடத்தில் போடும் கனமான ரப்பர் மேட். ஆமை உங்களைப் பார்த்தபடியே சுழலும், பின்கால்களை ஊன்றிப் பின்புறத்தை உயர்த்தும், வாயைத் திறந்து பாயும். இதையே பயன்படுத்திக்கொள்ளலாம். அது வந்த திசையில் ஒருவர் சற்றுத் தள்ளி நின்றால் ஆமை அவர் பக்கம் திரும்பும். வால், அது போகவிருந்த சாலைக் கரையை நோக்கும். இன்னொருவர் வால் பக்கம் மேட்டை விரித்து, ஓட்டின் பின் விளிம்பைப் பிடித்து ஆமையை அதன்மேல் இழுத்து, மேட்டோடு அந்தக் கரைக்கு இழுத்துவிட வேண்டும். விளிம்பு உயர்ந்த மேட்டில் தாழ்வான பக்கத்தை ஆமையை நோக்கி வையுங்கள், இல்லாவிட்டால் வயிறு தட்டி நிற்கும். அடியில் முள்முள்ளாகப் பிடிப்பு உள்ள கார்பெட் மேட் தாரில் நகராது. பத்துக் கிலோ ஆமை ஏறினால் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது பனி அள்ளும் பிளாஸ்டிக் சவள். சுமார் 45 செ.மீ. அகலம் இருந்தால் பெரிய ஆமையும் அடங்கும். பின்பக்கமிருந்து வயிற்றுக்கு அடியில் மெல்லச் செருகி, தரையோடு தரையாகத் தள்ளுங்கள். உயரத் தூக்கினால் ஆமை துள்ளி விழும், ஓடு வெடிக்கும். உலோக விளிம்பு வைத்தது பின்கால்களைக் கிழிக்கும். கார் அவசரப் பெட்டியில் வரும் மடக்குச் சவள் இதற்கு உதவாது; தகடு குறுகலானது, ஆமை ஒரு பக்கம் சரிந்துவிடும்.

கையுறைக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். வெல்டிங் செய்பவர்களின் தடித்த தோல் கையுறை கடியின் நசுக்கலைத் தடுக்காது. பாசி பிடித்த ஓட்டில் பிடியும் வழுக்கும். அதைப் போட்ட தைரியத்தில் கை முன்னே போவதுதான் ஆபத்து. உள்ளங்கையில் ரப்பர் பூசிய தோட்டக் கையுறை போதும், பின்கால் நகங்களின் கீறல் குறையும். கையால் நகர்த்த வேண்டி வந்தால், வாலுக்கு இருபுறமும் ஓட்டின் விளிம்பைப் பிடித்துப் பின்புறத்தை மட்டும் உயர்த்தி, ஒற்றைச்சக்கர வண்டி தள்ளுவது போல முன்கால்களில் நடக்க விடலாம். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. அது முதுகெலும்பின் தொடர்ச்சி, முழு எடையும் அதில் தொங்கினால் மூட்டுகள் விலகும்.

மீன்பிடி வலை வேண்டாம். நகங்கள் சிக்கினால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. குச்சியைக் கடிக்கக் கொடுத்து இழுப்பது தாடையைக் காயப்படுத்தும்.

மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை அவசியம் வைத்திருங்கள். அடிபட்ட ஆமையை அதில் வைத்து, காற்றுத் துளையிட்ட மூடியை இறுக்கி மூடுங்கள். தண்ணீரோ உணவோ கூடாது. பீற்றர்பரோ அருகே ஒன்ராறியோ ஆமைப் பாதுகாப்பு மையம் நடத்தும் மருத்துவமனை இருக்கிறது. இறந்த தாயின் முட்டைகளைக்கூட எடுத்து அங்கே பொரிக்க வைக்கிறார்கள். குணமானதும் அதே இடத்தில் விடவேண்டும் என்பதால், கண்டெடுத்த சாலையையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இறங்குமுன் அபாய விளக்குகளைப் போட்டு, இருபுறமும் வாகனம் பாருங்கள். கரையில் விட்டதும் ஆமையின் தலை அது போகவிருந்த பக்கம் பார்க்கட்டும். வந்த பக்கமே விட்டால் மறுபடி சாலையில் ஏறும். சால்மோனெல்லா கிருமி ஒட்டியிருக்கலாம், கையையும் மேட்டையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.