விரலிக்கு ஒரு ஐகான், கிழங்குக்கு ஒரு ஐகான்

ஈரோட்டு மஞ்சள் மண்டிகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது என் தொழில். அதற்கான ஐகான்களை நானே இங்க்ஸ்கேப் என்ற வரையும் சாஃப்ட்வேரில் வரைந்து, கிம்ப் என்ற படம் திருத்தும் சாஃப்ட்வேரில் ஐகோ (விண்டோஸின் ஐகான் கோப்பு) ஆக்குகிறேன். இரண்டும் இலவசம். சின்னதாக சாஃப்ட்வேர் செய்பவர்களுக்கு இதைவிட நல்ல ஜோடி கிடையாது.

ரெடிமேட் ஐகான்களில் லாரி, பெட்டி, ரூபாய் எல்லாம் உண்டு. விரல் போல நீண்ட மஞ்சளான விரலிக்கும், உருண்டை மஞ்சளான கிழங்குக்கும் எங்கே போவது? இரண்டுக்கும் ஏல விலை வேறு. பட்டன் மாறினால் பில்லே தப்பு. "ரெண்டும் ஒரே மாதிரி தெரியுதுங்க தம்பி, எழுத்தப் படிச்சுத்தான் அமுத்த வேண்டியிருக்குதுங்க" என்றார் ஒரு மண்டிக் கணக்குப்பிள்ளை. அவருக்காகவே வரைய உட்கார்ந்தேன்.

இங்க்ஸ்கேப் படம் வெக்டர் (புள்ளிகளாக அல்ல, கோடுகளின் கணக்காகச் சேமிக்கும் படம்) என்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. சோதனை சின்னதாக்கும்போதுதான். 256 பிக்சலில் விரலியின் வளையக் கோடுகள் அத்தனை அழகு; அதையே 16-க்குச் சுருக்கினால் பழுப்புக் கறைதான் மிஞ்சும். அதனால் 16-க்குத் தனிப் படம். வளையங்களை எடுத்துவிட்டு, சாய்வாக ஒரு தடித்த விரல், பக்கத்தில் ஒரு கிளை. கிழங்குக்கு உருண்டை, மேலே சின்ன முளை. வெறும் மஞ்சள் வெள்ளைத் திரையில் எடுபடாது, ஓரத்துக்கு அடர் பழுப்பு கொடுத்தேன். பக்க அளவை 16-க்கு 16 வைத்து, ஒரு பிக்சல் கட்டம் போட்டு, கோடுகளைக் கட்டத்தில் ஒட்டவிட்டால் ஓரம் சுத்தமாக நிற்கும். அரை பிக்சலில் விழுந்தால் மங்கிவிடும். வியூ மெனுவில் இருக்கும் ஐகான் பிரிவ்யூ, வரையும்போதே சின்ன அளவுகளில் காட்டிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

குறை ஒன்று: இங்க்ஸ்கேப் நேரடியாக ஐகோ தராது. 16, 32, 48, 256 என ஒவ்வொரு அளவையும் பிஎன்ஜி படக் கோப்பாக்கி, கிம்ப்பில் லேயர்களாக (ஒன்றன்மேல் ஒன்றான அடுக்குகளாக) திறந்து எக்ஸ்போர்ட் செய்தால் எல்லாம் ஒரே கோப்புக்குள் போய்விடும். தேவையான அளவை விண்டோஸ் தானே எடுத்துக்கொள்ளும். 256-க்கு மட்டும் பிஎன்ஜி கம்ப்ரஷனை டிக் செய்யுங்கள், கோப்பு நன்றாக இளைக்கும்.

அப்புறம், ஷார்ட்கட்டுக்கு வைக்கும் ஐகோவை சாஃப்ட்வேர் ஃபோல்டரிலேயே வையுங்கள். பென்டிரைவில் இருந்தால் கழற்றியதும் படம் போய்விடும். மாற்றிய பிறகும் பழைய படமே தெரிந்தால், கோப்புக்குப் புதுப் பெயர் வைத்து, ப்ராப்பர்ட்டீஸில் சேஞ்ச் ஐகான் போய் மறுபடி தேர்ந்தெடுங்கள்.