செல் வரிசை: பக்கத்து ஆய்வகத்தில் கேட்பதா, வங்கியில் வாங்குவதா?

புற்றுநோய் ஆய்வு தொடங்குபவர்கள் பலர் குழம்பும் இடம் இது. செல் வரிசை என்றால், ஒரே மூலத்திலிருந்து எடுத்து ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள்.

செலவு: கேட்டு வாங்கினால் இலவசம். ஏடிசிசி போன்ற செல் வங்கியில் நல்ல காசு ஆகும்.

நேரம்: கேட்டால் இன்றே கிடைக்கலாம். வங்கி என்றால் ஆர்டர், காத்திருப்பு.

அடையாளம்: விஷயமே இங்கேதான். மார்பகப் புற்றுநோய் என்று பல ஆண்டுகள் வளர்க்கப்பட்ட எம்டிஏ-எம்பி-435, உண்மையில் எம்14 என்ற மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) வரிசை. தனி வரிசைகள் என்று நினைத்த ஹெப்-2, கேபி இரண்டுமே ஹீலா (கருப்பைவாய்ப் புற்றுநோய்) செல்கள்! வரிசைகளில் ஹீலா கலந்திருப்பதை 1966-இலேயே மரபியலாளர் ஸ்டான்லி கார்ட்லர் எச்சரித்தார்; பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வங்கிகள் எஸ்டிஆர் டிஎன்ஏ சோதனை (செல்லுக்கான கைரேகைச் சோதனை மாதிரி) செய்து தருகின்றன. கைமாறி வந்த குப்பியில் லேபிளைத்தான் நம்ப வேண்டும்.

செல் வளர்க்கப் பழகுவதற்கு இரவல் போதும். கட்டுரை வெளியிடும் எண்ணம் இருந்தால் வங்கிதான். இரவலை விட்டால் வழியில்லையா? சரி, முதலில் எஸ்டிஆர் சோதனை, அப்புறம் ஆய்வு. செல்களில் கண்ணுக்குத் தெரியாமல் தொற்றும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவுக்கான சோதனையை மட்டும் எங்கே வாங்கினாலும் நாம் செய்தே ஆக வேண்டும்.